கவிஞர் கண் திறந்த காலை

போன வருடம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பொழுது விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பம்பாயில் மாட்டுங்கா முடிந்து தாராவி தொடங்குகிற இடத்தில் ரோட்டோரமாக ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்தின் முன்னால், ஒரு கையில் பசுமாட்டின் கயிறும் இன்னொரு கையில் கேமராவுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த மண்டபத்துக்குள் இருப்பது ஒரு கவிஞரின் மார்பளவுச் சிலை. பாடப் புத்தகத்தில் வருகிற பெரிய கவிஞர் இல்லை. அந்தக் காலத்தில் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டியவர். அவர் பாடாமல் அந்தப் பக்கம் ஒரு கூட்டமும் தொடங்காதாம். சாமியே இல்லை என்று பாடியவர். நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கிறவர்களை அவர் கிண்டலடித்துப் பாடியதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. பாவம், சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து இந்தச் சிமெண்ட் சிலையை வைத்தார்கள். அப்புறம் என்ன, பம்பாயில் ரோட்டோரச் சிலைகளுக்கு என்ன கதியோ அதே கதிதான். முன்னால் கைவண்டிகள் நின்றன, மேலே யார் யாருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸோ தொங்கியது, மூக்கு உடைந்தது, பெயிண்ட் உரிந்தது. போன வருடம்தான் நம் ஜனங்கள் ஒரு கமிட்டி போட்டு, மண்டபத்துக்குக் கூரை மாற்றி, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, சிலையையும் சரி செய்தார்கள்.

நான் செம்பூர்க்காரி. ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனதும் என் பிள்ளை ஒரு நல்ல கேமரா வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சூரிய உதயம், நிழல், மழையில் குடை என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். "உன் போட்டோல ஒருத்தர் மூஞ்சியாவது தெரியறதா? எல்லாரும் முதுகைக் காட்டிண்டுன்னா நிக்கறா" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கு ரசனை போதாது என்று விட்டுவிட்டேன். கமிட்டி செயலாளர் என் படங்களை வாட்ஸப் குழுவில் பார்த்து, திறப்பு விழா மலருக்கு மண்டபத்தையும் சிலையையும் நான்தான் எடுத்துத் தர வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பக் காட்டினேன்.

மறுநாளே ஒரு போன் வந்தது. பேசியது என் ட்ரெயின் சிநேகிதி. வருஷக்கணக்கில் ஒரே லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், பூக் கட்டிக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் போனவர்கள் நாங்கள். தாராவிக்காரி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. என்னைவிடச் சில வயது இளையவள். அந்தக் கவிஞர் இவளுடைய அப்பா. அவர் போகும்போது இவள் ஒன்றாம் வகுப்பு.

"மாமி, எங்கப்பாவ நீங்கதான் போட்டோ புடிக்கப் போறீங்களாமே? எனக்கும் ஒண்ணு வேணும். நேரா பாக்குத மாரி, மொகம் தெளிவா இருக்கணும். ஒங்க கலையெல்லாம் அதுல காட்டிராதீங்க" என்றாள்.

விஷயம் என்னவென்றால், திங்கட்கிழமை அவள் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பெரியவர்களுக்குப் படையல். செத்தவர்களின் படத்தை வைத்து, இலை போட்டு, புதுத்துணி வைத்து, கல்யாணத்துக்கு வரச்சொல்லிக் கும்பிடுவார்கள் இல்லையா, அது. அம்மாவுக்குப் படம் இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு படம். அதையும் சிலை செய்ய வேண்டுமென்று வாங்கிப்போன சிற்பி திருப்பித் தரவே இல்லை. பிறகு ஆளே ஊரில் இல்லை. ஆக, இந்த உலகத்தில் அவர் முகம் என்று இருப்பது அந்தச் சிலை ஒன்றுதான். மூக்கு உடைந்து காக்காய் எச்சம் வழிகிற கோலத்தில் அதைப் படம் எடுத்து வீட்டில் மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் இத்தனை வருஷமும் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்து, அதைத்தான் அப்பா என்று கும்பிட்டு வந்திருக்கிறாள்.

"சாமியே இல்லேன்னு பாடினவர் ஆச்சேம்மா, அவருக்கா படையல்?" என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"சாமிதான் இல்லைன்னாரு மாமி, சோறு வேண்டாம்னா சொன்னாரு?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "என் புள்ள கல்யாணத்துக்காவது எங்கப்பா மொகத்தோட வரணும்."

இதைக் கேட்டுவிட்டு யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை காலை இளவெயிலில் எடுத்துவிட்டால், மாட்டுங்கா ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, சட்டமும் போட்டு, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பகுதிக் கட்சி லீடர் ஒருவர் வந்து திரையை இழுப்பதாக ஏற்பாடு. சிலை வேலை எல்லாம் முடிந்துவிட்டது, துணி போட்டு மூடியிருக்கிறது, போய்த் துணியை விலக்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று செயலாளரும் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அன்று விடிந்ததும் போய் நின்றேன். மண்டபப் படியில் ஒருவர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் சிலைக்கு மூக்கு வைத்துப் பெயிண்ட் அடித்தவர். திருநெல்வேலியிலிருந்து தாராவிக் கோயில் ஒன்றுக்கு வேலைக்கு வந்தவரைக் கமிட்டிக்காரர்கள் கையோடு பிடித்து வைத்துக்கொண்டார்கள். சுடலை, இசக்கி என்று பார்த்தாலே காய்ச்சல் வருகிற சாமிகளுக்கெல்லாம் முகம் எழுதிய மனுஷர். என் கேமராவைப் பார்த்ததும் பெருமையாக எழுந்து, கல்யாணப் பெண்ணுக்கு முகத்திரை விலக்குவது போலத் துணியை எடுத்தார்.

அடடா, என்ன அருமையான வேலை! வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மெல்லிசு மீசை, இப்போது பேசிவிடுவார் போல ஒரு உதடு. நெற்றியில் லேசாக வியர்த்திருக்கிறதோ என்றுகூடத் தோன்றியது. கண்ணைப் பார்த்தேன். கண் இல்லை. இரண்டு பக்கமும் தோலுரித்த முட்டை மாதிரி வெறும் வெள்ளை.

"ஐயையோ, அண்ணாச்சி! கண்ணு எங்கே?"

"கண்ணு ஞாயித்துக்கெழமைம்மா" என்றார் அவர், ரயில் டைம் சொல்வது போல.

அவர்கள் வழக்கம் அது. சாமிச் சிலைக்கு எல்லா வேலையும் முடித்து, கருவிழியை மட்டும் வைக்காமல் விட்டுவிடுவார்கள். நல்ல நாளில், நல்ல நேரத்தில் கடைசியாக வைப்பதுதான் கண் திறப்பு. சாமிக்குச் சரி. இவர் கவிஞர் ஆயிற்றே, அதிலும் நல்ல நேரத்தையே நக்கல் பண்ணிப் பாடியவர் ஆயிற்றே! எடுத்துச் சொன்னேன். மன்றாடினேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன்.

"சாமியா மனுசனான்னு நான் பாக்குததில்லம்மா. என் கையில மொகம்னு ஒண்ணு வந்துட்டா, கண்ணு கடைசிலதான். ஞாயித்துக்கெழமை லீடர் தெரய இழுப்பாரு, நான் கண்ணத் தொறப்பேன். கமிட்டில வாக்குக் குடுத்திருக்கேம்லா" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார்.

செயலாளருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில், "மேடம், கண்ணைத்தானே? போட்டோஷாப்ல வச்சிடுங்களேன்" என்றார். யார் கண்ணை வைப்பது? என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினால் அவர், "என் கண்ணை வேணா வச்சுக்கோ, பவர் ஜாஸ்தி, பார்த்து வை" என்று சிரிக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சிரிக்கிற விஷயமா இது? சாயங்காலம் அந்தப் பெண் இலை போட்டுவிட்டுக் காத்திருப்பாள். கண்ணில்லாத அப்பாவையா கொண்டுபோய்க் கொடுப்பது?

வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கல்யாண வீட்டு வேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். படையலுக்கென்று கட்டியிருந்த சிவப்புப் புடவை, தலையில் ஈரத் துண்டு. வந்த வேகத்தைப் பார்த்து, பெயிண்டர் அண்ணாச்சி இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று நினைத்தேன். ஆனால் அவள் சிலையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். "மூக்கு வந்துட்டு" என்றாள் கடைசியில், மெதுவாக.

பிறகு தலைத்துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன். ஞாயித்துக்கெழமை கண்ணத் தொறந்ததும் எங்கப்பா மொதல்ல யாரப் பாப்பாரு?"

"தெரய இழுக்க ஆளு முன்னால நிப்பாருல்லா... லீடரத்தான்."

"இத்தன வருசங் கழிச்சுக் கண்ணு முழிக்காரு. முழிச்சதும் லீடர் மூஞ்சிலயா முழிக்கணும்? எங்கப்பா ஒங்களுக்கு என்ன பாவம் பண்ணாரு?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார், போனில் பஞ்சாங்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு வெள்ளிக்கெழம, தை மாசம். நேரமும் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கண்ணு தொறந்ததும் மொதப் பார்வை மங்களமா விழணும். அதுல நான் வெளையாட மாட்டேன். ஒரு பசு கொண்டாங்க."

பம்பாயில், காலங்காத்தாலே, பசு! அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு மாட்டுங்காக் கோயில் வாசல் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு அம்மா தினமும் ஒரு பசுவைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் புல்கட்டோடு உட்கார்ந்திருப்பாள். கோயிலுக்கு வருகிறவர்கள் புல் வாங்கிப் போட்டுத் தொட்டுக் கும்பிட்டுப் போவார்கள். ஓடினேன். மூச்சிரைக்க நின்று, எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஹிந்தியில், ஒரு கவிஞருக்குக் கண் திறக்க வேண்டும், உங்கள் பசு வேண்டும் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர் கே பாஸ் ஜாவோ" என்றாள், போய் டாக்டரைப் பார் என்று.

அவளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்ததும் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் புல்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். நானும் பசுவும் முன்னால். வழியெல்லாம் ஜனங்கள் பசுவை நிறுத்தித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நேரம் ஓடுகிறதே என்று எனக்குப் பதைபதைப்பு. வாக்கிங் போன எங்கள் பழைய ஆபீஸர் ஒருவர் என்னையும் மாட்டையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எதிர்ப் பக்கம் கடந்து போனார். என் மானம் போயே போயிற்று.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தால் அடுத்த கூத்து. விழாவுக்காகத் தூணில் சுற்றியிருந்த சாமந்திச் சரத்தைப் பசு பார்த்துவிட்டது. ஒரே இழுப்பு. பாதித் தோரணம் உள்ளே போய்விட்டது. மீதிக்காக அது திரும்பி நின்றதில், அதன் பின்பக்கம் நேராகக் கவிஞரைப் பார்த்து அமைந்தது. நானும் மாட்டுக்காரம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். அது அசைவேனா என்றது.

"இருக்கட்டும், இருக்கட்டும். பின்பக்கத்துலதான் லெச்சுமி இருக்கா" என்றார் அண்ணாச்சி, தூரிகையைக் கறுப்பு எனாமல் பெயிண்டில் தோய்த்தபடி.

"நல்லாருக்கே! எங்கப்பா இதப் பாத்தா மறுபடியும் கண்ண மூடிக்கிடுவாரு" என்றாள் மகள். அவ்வளவுதான். பசுவை இடுப்பால் ஒரு இடி இடித்து நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் தானே போய் நின்றாள். சிலைக்கு நேர் எதிரே, நிமிர்ந்து. "நான் நிக்கேன். நீங்க எழுதுங்க."

அண்ணாச்சி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, பசுவைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. ஸ்டூலைச் சிலைக்குப் பக்கவாட்டில் போட்டு ஏறினார். சிலையின் பார்வைக்கு நேராகத் தான் வரக்கூடாதாம். முதலில் வலது கண். பிறகு இடது கண். இறங்கி, ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அங்கே இருந்தது சிமெண்ட். அந்த நிமிஷம் ஒரு மனுஷர் எங்களைப் பார்த்தார். இல்லை, எங்களை இல்லை, அவளைப் பார்த்தார்.

அவள் கைகூப்பவில்லை. வீட்டு வாசலில் நின்று கல்யாணத்துக்கு அழைப்போமே, அந்த மாதிரிப் பேசினாள். "அப்பா, நாந்தான். ஒங்க பேத்திக்குத் திங்கக்கெழமை கல்யாணம். மாப்ள நல்ல பையன், தேவ்நார்ல வீடு. நீங்க கண்டிப்பா வந்துரணும்." முகத்தை இன்னும் நிமிர்த்திக் காட்டினாள். "ஒங்களவிட எனக்கு வயசாயிட்டுப்பா. பல்லெல்லாம் போச்சு, முடியெல்லாம் நரச்சுட்டு. என்ன அடையாளம் தெரியுதா?"

மாட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் படம் எடுக்க வேண்டும். அவளோ நகர்வதாக இல்லை. நகரச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை. அண்ணாச்சியின் ஸ்டூலை வாங்கி அவள் பின்னால் போட்டு ஏறினேன். அவள் தலைக்கு மேலாக, கவிஞருக்கு நேருக்கு நேராக, எந்தக் கலையும் இல்லாமல், பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போல ஒரு படம் எடுத்தேன். அப்புறம்தான் மண்டபத்தையும் தூண்களையும் மலருக்காக எடுத்தேன். பாதித் தோரணம் இல்லாததால் கேமராவை அதற்குத் தகுந்த மாதிரித் திருப்ப வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீடர் வந்தார், மாலை விழுந்தது, திரையை இழுத்தார். அண்ணாச்சி பயபக்தியோடு ஸ்டூலில் ஏறி, கண்ணுக்குக் கட்டிவைத்திருந்த துணியை அவிழ்த்தபடியே காய்ந்த தூரிகையை இரண்டு கண்ணிலும் ஒற்றி எடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். லீடர் முகத்தில் என்ன ஒரு பூரிப்பு! அண்ணாச்சி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாரே பார்க்கணும், நான் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் நான் மறக்க முடியாதது வெள்ளிக்கிழமை சாயங்காலம். தாராவியில் அவள் வீடு மாடியில் ஒரே அறை. உறவுக்காரர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். சட்டம் போட்ட படத்தை நான் கையில் ஏந்தி ஏறும்போது, "வழி விடுங்க, வழி விடுங்க, தாத்தா வாராரு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, இரண்டு இலை விரித்தார்கள். சோறு, சாம்பார், அவியல், வடை, பாயசம் எல்லாம் பரிமாறினார்கள். எல்லாரும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள்.

கல்யாணப் பெண் கும்பிட்டு எழுந்தவள் படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். "ம்மா, தாத்தா கண்ணுக்குள்ள செவப்பா என்னமோ இருக்கு" என்றாள்.

பிரிண்டில் கறை விழுந்துவிட்டதா? அவசரமாகப் பையிலிருந்து கேமராவை எடுத்து, அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கறை இல்லை. காயாத எனாமல் கண்ணாடி மாதிரிப் பளபளத்திருக்கிறது. இரண்டு கருவிழிக்குள்ளும் சின்னதாக, சிவப்புப் புடவையில் ஒரு உருவம், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

நான் கேமராவைச் சிநேகிதியிடம் நீட்டினேன். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மகளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டு, நனைந்த கண்ணோடு சிரித்தாள்.

"தெரிஞ்சிட்டு மாமி" என்றாள். "எங்கப்பாவுக்கு என்ன அடையாளம் தெரிஞ்சிட்டு."

இப்போதும் சூரிய உதயத்தையும் நிழலையும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கேமரா முன்னால் ஒரு முகம் வந்துவிட்டால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த முகத்தைப் பார்க்க யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்துகிறேன்.